காரைச் சுவரில் கனத்த அலமாரி

பாபநாசத்தில் என் மாமனார் வீட்டுச் சமையலறையில் ஒரு மரத்தட்டு, மாட்டிய மூன்றாம் வாரம் விழுந்தது. ராத்திரி இரண்டு மணி இருக்கும். முதலில் மண் உதிர்வது போல ஒரு சத்தம். அப்புறம் எவர்சில்வர் அத்தனையும் தரையில் உருண்ட சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டுப் பார்த்தால், தட்டில் இருந்த நான்கு ஸ்க்ரூவும் ரால் பிளக்கோடு (ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி ஊத்தப்பம் அளவுக்குக் காரை, அதாவது சுவரின் பூச்சு, ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூ தன் பிடியை விடவே இல்லை. காரைதான் சுவரை விட்டுவிட்டது.

மாட்டிக் கொடுத்தவர் வேலை தெரியாதவர் இல்லை. புது வீடுகளில் அவர் மாட்டிய அலமாரிகள் பத்து வருஷமாக நிற்கின்றன. ஆனால் சிமெண்டுச் சுவரும் ஹாலோ பிளாக்கும் பழகிய கை, 1934-ல் கட்டிய சுண்ணாம்புச் சுவரையும் அதே மாதிரி நடத்திவிட்டது. இரண்டு அங்குல ஸ்க்ரூவில் ஒன்றேகால் அங்குலம் காரைக்கே போய்விட்டது. செங்கல்லுக்குள் போனது நகத்தளவு.

இரண்டு வருஷம் கழித்து மன்னார்குடியில் அம்மா வீட்டை விற்றோம். அங்கிருந்த தேக்குக் கண்ணாடி அலமாரி என் பங்குக்கு வந்தது. 4 அடி அகலம், 3 அடி உயரம், 13 அங்குல ஆழம். பாபநாசத்துச் சமையலறைத் தரையில் வைக்க இடம் கிடையாது, சுவரில்தான் ஏற்ற வேண்டும். அத்தை, அதாவது என் மாமியார், ஒரே வரியில் முடித்துவிட்டார்: “அது விழறதுன்னா நான் கீழ இல்லாத நேரமா பாத்து விழச் சொல்லு.” அவருக்கு 81 வயது. அந்த அலமாரி விழாமல் இருக்க நான் என்னென்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கொத்தனாரும் இல்லை, ஆசாரியும் இல்லை. 28 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுத்தவள். கையில் வேலை செய்தவர்கள் வேறு ஆட்கள். பக்கத்தில் நின்று நச்சரித்தது நான்.

முதல் வேலை எடை பார்ப்பது. யாரும் இதைச் செய்வதில்லை. “ஒரு அம்பது கிலோ இருக்கும்” என்று வாயாலேயே நிறுத்துவிடுகிறோம். கதவு இரண்டையும் உள்தட்டுகளையும் கழற்றிவிட்டு, கூட்டை நெட்டுக்குத்தாக வீட்டு எடைமெஷின் மேலேயே நிறுத்திப் பார்த்தோம். கழற்றியவற்றைத் தனியாக நிறுத்தோம். மொத்தம் 38 கிலோ. அப்புறம் உள்ளே வைக்கப்போகும் பாத்திரங்களைப் பையில் போட்டுப் போட்டு நிறுத்தால் 44 கிலோ. அத்தையின் பித்தளை உருளி ஒன்று மட்டும் ஆறு கிலோ வந்தது. ஆக 82. அலமாரியை விடப் பாத்திரம் கனம் என்பதை நானே அன்றுதான் கவனித்தேன்.

இனி கொஞ்சம் கணக்கு, பயப்பட வேண்டாம். சுவரில் மாட்டிய அலமாரி இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, தன் முழு எடையோடு கீழே இறங்கப் பார்க்கிறது. இன்னொன்று, மேல்பக்கம் சுவரை விட்டு நம்மேல் கவிழப் பார்க்கிறது. எடையின் மையம் சுவரிலிருந்து சுமார் 7 அங்குலம் தள்ளி இருக்கிறது. மேலே பிடித்திருக்கும் இடத்துக்கும் கீழே சுவரில் முட்டும் இடத்துக்கும் நடுவே 32 அங்குலம். 82-ஐ 7-ஆல் பெருக்கி 32-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 18. அதாவது மேல் பிடிமானத்தை வெளியே இழுக்கும் விசை 18 கிலோ அளவுதான். இதே எடையை ஓரடி உயரக் குட்டை அலமாரியில் வைத்திருந்தால், அந்த 32 என்பது 10 ஆகி, இழுப்பு 57 கிலோவாகப் போயிருக்கும். குட்டையாகவும் ஆழமாகவும் இருக்கும் அலமாரிதான் சுவரைப் பிடுங்கும். உயரமானது பார்க்கப் பயமாக இருந்தாலும் சாது.

எனக்கு இந்தக் கணக்கில்தான் வழி தெரிந்தது. பழைய செங்கல் சுவர் பாரம் சுமப்பதில் கெட்டி. மாடியையும் கூரையையும் தொண்ணூறு வருஷமாகச் சுமக்கிற சுவருக்கு 82 கிலோ ஒரு பொருட்டா? அதற்கு வராதது ஒன்றுதான்: உள்ளே செருகிய ஆணியை இறுக்கிப் பிடிப்பது. ஆகவே அலமாரியை ஆணியில் தொங்கவிடாமல், சுவர்மேல் உட்கார வைக்க வேண்டும். பின்னால் செய்தது எல்லாமே இதற்காகத்தான்.

எந்தச் சுவர் என்பதில் நான் முதலில் தப்பாகத்தான் ஆரம்பித்தேன். மேற்குப் பக்கச் சுவரில் வெளிச்சம் நன்றாக விழும், கண்ணாடிக் கதவு பளிச்சென்று இருக்கும் என்று ஆசைப்பட்டேன். அது வெளிச்சுவர். மார்கழியில் விரலால் தடவினால் வெள்ளையாக மாவு ஒட்டும். உப்புப் பூத்த சுவர். தரையிலிருந்து ஈரம் ஏறி, மேலே வந்து காய்ந்து, கூடவே கொண்டுவந்த உப்பைக் காரைக்குள் விட்டுவிட்டுப் போகிறது. அந்த உப்பு ஒவ்வொரு வருஷமும் உள்ளேயே விரிந்து காரையைப் பொடியாக்கும். அங்கே எந்த போல்ட்டும் நிற்காது, மரமும் ஓதத்தில் கெட்டுப்போகும். ஆசையை விட்டுவிட்டு, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள சுவருக்கு மாறினேன்.

சுவரின் கனத்தை வாசல் நிலை இருக்கும் இடத்தில் அளந்து பார்க்கலாம். எங்களுடையது 14 அங்குலம். பூச்சைக் கழித்தாலும் நல்ல கனம். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் என்றால் கனமான அலமாரிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கரையான் பாதை இருக்கிறதா என்று சுவரையும் பக்கத்து நிலைச்சட்டத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். பென்சில் கனத்துக்கு மண் கோடு ஓடியிருந்தால், முதலில் அதற்கு மருந்து, அப்புறம்தான் மரம்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஒரு கை அகலத்துக்கு ஒரு தட்டு என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். காரை செங்கல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தில் ‘டக்’ என்று சுருக்கமாகக் கேட்கும். விட்டுப்போன இடத்தில் பழைய தகர டப்பாவைத் தட்டினது போலக் கொஞ்சம் இழுத்துக் கேட்கும். எனக்கு இரண்டாவது வரிசையிலேயே காது குழம்பிவிட்டது. அத்தை ஊஞ்சலில் உட்கார்ந்தபடி, “அங்க பொள்ளல்… அங்கயும்… இப்ப சரி… திரும்பப் பொள்ளல்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். வெள்ளைச் சுவரில் தெரியட்டும் என்று காவிக் கட்டியால் வட்டம் போட்டேன். தேங்காய் தட்டி வாங்கிப் பழகிய காது! பின்னால் கொத்தனார் வந்து தட்டிப் பார்த்தபோது ஒரே ஒரு வட்டத்தைத்தான் மாற்றினார்.

பொள்ளல் இல்லாத இடமாகப் பார்த்து அலமாரியை நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். எங்களுக்கு ஐந்து அங்குலம் இடப்பக்கம் தள்ளியதில் மூன்று வட்டங்கள் தப்பின. மிச்சம் ஒன்று, அலமாரியைத் தாங்கும் மேல் சட்டம் வரும் இடத்திலேயே மாட்டிக்கொண்டது. அங்கே காரையைச் செங்கல் வரை கொத்தியெடுத்து, தண்ணீர் தெளித்து, புதிதாகச் சுண்ணாம்புக் காரை பூசினோம். சலித்த மணல் மூன்று பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு. கொத்தனார் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில்தான் குழைப்பேன் என்றார். சரி என்றேன். இந்த இடத்தில் சிமெண்டு பூச நிறையப் பேர் சொன்னார்கள். கூடாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும் சுவர். நடுவில் சிமெண்டு ஒட்டுப் போட்டால் ஈரம் அதைச் சுற்றிக்கொண்டு ஓரங்களில் வெளியேறும், ஓரக் காரை உதிரும். அதோடு சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் அது திரும்பக் கல்லாக வேண்டும். நான்கு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் விளையாட்டில்லை, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு டாக்டரிடம் போக வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டே குழையுங்கள்.

ஓட்டை போடுவதற்கு முன் மின்சாரம். எங்கள் வீட்டில் முதலில் மரப்பட்டிமேல் ஓடிய வயரிங்தான் இருந்தது. பிறகு யாரோ ஒரு காலத்தில் சுவரைக் கொத்திக் குழாய் பதித்திருக்கிறார்கள். எங்கே பதித்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் பக்கவாட்டிலும் ஒரு கை அகலத்துக்கு ஓட்டை போடக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். அது போதாது என்று மெயினையும் அணைத்தோம். அணைத்த பிறகுதான் டிரில்லுக்குக் கரண்டு வேண்டுமே என்பது உறைத்தது. பக்கத்து வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்தோம். அந்த மாமி இரண்டு நாள் தன் மிக்ஸியைக் கூடத்தில் வைத்து அரைத்தார்.

இனி சோதனை ஓட்டை. அலமாரி வந்தால் மறைந்துவிடும் இடத்தில், டிரில்லில் 5 எம்எம் பிட் (துளைக்கும் முனைக்கம்பி) மாட்டி ஒரே ஒரு ஓட்டை. கீழே செய்தித்தாளை விரித்து, விழும் தூளைப் பாருங்கள். முதலில் வெள்ளைத் தூள், அது காரை. நிறம் சிவப்பாக மாறும் கணத்தில் நிறுத்தி, பிட்டில் விரலை வைத்து வெளியே எடுத்து அளந்தால் காரையின் கனம் தெரிந்துவிடும். எங்களுக்கு 30 எம்எம். சிவப்பு தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் செங்கல். திடீரென்று பிட் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் வெள்ளை மணல் வந்தால் இணைப்புச் சாந்து. மஞ்சளும் பழுப்புமாகக் களிமண் தூள் வந்தால் அந்தச் சுவர் மண் சாந்தில் கட்டியது. அப்படியானால் இதோடு நிறுத்திவிட்டு, கட்டுரையின் கடைசிக்கு வந்துவிடுங்கள். உங்களுக்கு வேறு வழி சொல்கிறேன்.

டிரில்லில் இரண்டு படம் போட்டிருக்கும். ஒன்று பிட்டின் படம், இன்னொன்று சுத்தியல் படம். பழைய சுவரில் சுத்தியல் பக்கமே திருப்பக் கூடாது. அந்த அதிர்வில் செங்கல் உள்ளேயே விரியும், சுற்றியுள்ள காரை பொள்ளலாகும். சுழற்சி மட்டும் போதும். பழைய நாட்டுச் செங்கல் மென்மைதான், கூர்மையான பிட் வெண்ணெய் மாதிரி போகும். முதலில் 5, அப்புறம் 8, கடைசியில் 12 எம்எம் என்று படிப்படியாக அகலப்படுத்தினால் ஓட்டையின் வாயில் காரை பெயராது. மூக்குக்கு முகமூடி கட்டாயம்.

செங்கல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். அலமாரி மறைக்கும் இடத்தில் இரண்டு விரல் அகலம், ஒரு சாண் உயரத்துக்குக் காரையைக் கீறி எடுக்கச் சொன்னேன். உள்ளே தெரிந்ததைப் பார்த்து கொத்தனார் சிரித்தார். “டீச்சர், இது செங்கல் இல்ல, பிஸ்கட்டு.” ஒன்றரை அங்குலக் கனம்தான் ஒவ்வொன்றும். நடுவே அரை அங்குலச் சாந்து. இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரிசை. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை போட்டால் நான்கில் ஒன்று சாந்தில் விழும், இன்னொன்று செங்கல்லின் விளிம்பைப் பெயர்க்கும். அந்த வரிசைகளைச் சுவரில் பென்சிலால் நீட்டி, ஒரு வரிசையின் நட்டநடுக் கோட்டில்தான் எல்லா ஓட்டையும் வர வேண்டும் என்று தீர்மானித்தோம். வரிசை மட்டமாக இருக்கிறதா என்று டியூப் லெவல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது நான்கடிக்குக் கால் அங்குலம் சரிந்திருந்தது. அலமாரியை மட்டமாகத்தான் வைக்க வேண்டும். அதனால் ஓட்டைகளைச் சட்டத்தின் நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் மேலும் கீழுமாக மாற்றி அமைத்தோம். கூரையையும் தரையையும் பார்த்து மட்டம் பிடிக்காதீர்கள். பழைய வீட்டில் அவை இரண்டும் பொய் சொல்லும்.

இப்போது சட்டம். நான்கு அங்குல அகலம், ஓரங்குலக் கனம், அலமாரியின் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் நல்ல தேக்குச் சட்டம் ஒன்று எடுத்து, நீளவாக்கில் 45 டிகிரி சாய்வில் இரண்டாக அறுக்கச் சொல்லுங்கள். ஆசாரி இதைக் கவ்வுச் சட்டம் என்றார். ஒரு பாதி சுவருக்கு, மறு பாதி அலமாரியின் முதுகுக்கு. சுவரில் வரும் பாதியில் சாய்வு மேல்பக்கம் இருக்கும். அதன் கூர் விளிம்பு சுவரை ஒட்டி இருக்கக் கூடாது, சுவரை விட்டு விலகி நம்மைப் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் சாய்வுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வாய்க்கால் மாதிரிப் பள்ளம் கிடைக்கும். அலமாரியின் பாதி தலைகீழாக வந்து அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்காரும். எடை கூடக் கூட அலமாரி சுவரோடு இறுகும். மாற்றி வைத்தால் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். ஆசாரி பையன் முதல் தடவை மாற்றித்தான் வைத்தான். இரண்டு சிறு துண்டுகளைக் கையில் கொடுத்து மாட்டிப் பார்க்கச் சொன்ன பிறகு தானே திருப்பிவிட்டான்.

அலமாரியின் முதுகையும் பாருங்கள். முதுகில் இருப்பது வெறும் மெல்லிய பிளைவுட் என்றால் அதில் சட்டத்தைப் பூட்டாதீர்கள். அது தூசி மறைக்கத்தான் இருக்கிறது. அலமாரி கீழே போய்விடும், முதுகு மட்டும் சுவரில் நிற்கும். எங்களுடையதில் உள்பக்கம் மேல்பலகைக்குக் கீழே முக்கால் அங்குலத் தேக்குப் பட்டை ஒன்றை, இரண்டு பக்கப் பலகையிலும் மேல்பலகையிலும் பிடிக்கும்படி கோந்து போட்டு ஸ்க்ரூ செய்தோம். வெளிச்சட்டத்தை முதுகு வழியாக அந்தப் பட்டையில் பூட்டினோம்.

சுவரில் பிடிக்க எது? ராக் போல்ட் என்று கடையில் கொடுப்பதை வாங்க வேண்டாம். அது கான்கிரீட்டுக்கு. இறுக்க இறுக்க உள்ளே விரிந்து பிடிக்கும் சாமான், பிஸ்கட் செங்கல்லை விரித்து உடைத்துவிடும். எடை குறைவு, முப்பது கிலோவுக்குள் என்றால், 10 எம்எம் கனத்தில் 135 எம்எம் நீளமுள்ள நைலான் பிளக் ஸ்க்ரூவோடு கிடைக்கிறது, அது போதும். 82 கிலோவுக்கு நான் பசை வைத்துப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கரைத்தான் நம்பினேன். சுவரை அது விரிக்காது, உள்ளே பொந்துகளில் பரவி இறுகிவிடும். 8 எம்எம் மறை போட்ட கம்பி, பசையைத் தாங்க ஓட்டைக்குள் செருகும் 12 எம்எம் சல்லடைக் குழாய், துப்பாக்கியில் மாட்டி அழுத்தும் பசை. மேல் சட்டத்துக்கு ஆறு. ஒவ்வொன்றுக்கும் பங்கு பிரித்தால் கீழ்நோக்கி 14 கிலோ, வெளிநோக்கி 3 கிலோ. அத்தைக்கு இந்தக் கணக்கைச் சொன்னேன். “ஆறுக்கு ஏழாப் போட்டுடேன்” என்றார். ஏழு போட்டோம்.

கம்பியின் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள்: செங்கல்லுக்குள் 85 எம்எம், காரைக்கு 30, சட்டத்துக்கு 25, நட்டும் வாஷரும் பிடிக்க 20. மொத்தம் 160 எம்எம். சல்லடைக் குழாய் காரைக்குள் நின்றுவிடாமல் செங்கல்லுக்குள் முழுக்க இறங்க வேண்டும். ஒரு குச்சியால் தள்ளிவிடுங்கள்.

பசை பிடிப்பதும் பிடிக்காததும் ஓட்டைக்குள் இருக்கும் தூளில் இருக்கிறது. சைக்கிள் பம்பின் முனையில் மெல்லிய குழாயைச் செருகி, ஓட்டையின் அடி வரை விட்டு ஊதுங்கள். பாட்டில் கழுவும் சின்ன பிரஷ்ஷை விட்டுச் சுழற்றுங்கள். திரும்ப ஊதுங்கள். மூன்று தடவை ஆனதும் வெளியே தூளே வரக் கூடாது. இதற்குப் பொறுமை இல்லாதவர் தூளோடுதான் ஒட்டுவார், செங்கல்லோடு இல்லை. தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. பசையில் முதலில் வரும் இரண்டு மூன்று அழுத்து ஒரே நிறமாக இருக்காது, அதைக் காகிதத்தில் விட்டுவிடுங்கள். நிறம் கலந்து ஒன்றான பிறகு, குழாயின் அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வெளியே வாருங்கள். கம்பியைத் திருகித் திருகி உள்ளே விடுங்கள். பிறகு தொடாதீர்கள். டப்பாவில் எவ்வளவு நேரம் போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. நான் ராத்திரி முழுக்க விட்டேன். ஆட்டிப் பார்க்க ஆசைப்பட்ட என் கணவரைக் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சட்டத்தை மாட்டும்போது தெரிந்தது, சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது. இரண்டு ஓரத்திலும் சட்டத்துக்குப் பின்னால் நாலு எம்எம் இடைவெளி. நட்டை இறுக்கினால் சட்டம் வளையும், சாய்வு கெடும். இடைவெளியில் பிளைவுட் துண்டு வைத்து நிரப்பிவிட்டு, பெரிய வாஷர் போட்டு இறுக்கினோம். இறுக்கம் என்றால் கையால் முழுக்கத் திருகி, ஸ்பேனரில் முக்கால் சுற்று. அதற்கு மேல் போனால் காரை நசுங்கும்.

அலமாரியை ஏற்றுவதற்கு முன் சுவருக்குப் பரீட்சை வைத்தேன். சட்டத்தின் கீழ் விளிம்பை ஒட்டிச் சுவரில் கூரான பென்சிலால் ஒரு கோடு. பிறகு சட்டத்தில் கயிறு போட்டு நான்கு அரிசி மூட்டைகள். முன்பெல்லாம் 25 கிலோ சிப்பம். 25 கிலோ வரையிலான அரிசிச் சிப்பத்துக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு எங்கள் ஊர்க் கடையில் 26 கிலோவாகத்தான் கட்டுகிறார்கள். எனக்கு அதுவும் லாபம்தான், 104 கிலோ. ராத்திரி முழுக்கத் தொங்கியது. காலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோடும் சட்டமும் ஒட்டியபடியே இருந்தன. மூட்டை சட்டத்தின் முன்பக்கம் தொங்குவதால் வெளிநோக்கிய இழுப்பு இதில் அவ்வளவாக வராது. அதற்காக ஒவ்வொரு கம்பியிலும் கயிறு கட்டி நானே காலை உதைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். என் எடை 61 கிலோ.

ஏற்றும்போது கதவும் தட்டும் இல்லாத வெறும் கூடு. இரண்டு பேர் தூக்க, மூன்றாவது ஆள் பக்கவாட்டில் நின்று பள்ளத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தூக்குகிறவர்களுக்கு அது தெரியாது. தேவைக்கு இரண்டு அங்குலம் மேலே கொண்டுபோய், சுவரோடு ஒட்டி, மெதுவாக இறக்கினால் ‘சடக்’ என்று ஒரு சத்தத்தோடு உட்காரும். கைகளை உடனே எடுக்காமல், பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். முதுகின் கீழே சட்டத்தின் அதே கனத்தில் ஒரு பட்டை வைத்தால்தான் அலமாரி நேராக நிற்கும். அந்த இடைவெளியில் காற்று ஓடுவதால் மழைக்காலத்தில் முதுகும் பூஞ்சை பிடிக்காது.

அப்புறம்தான் அடித்தாங்கல். அலமாரியின் அடிப்பலகைக்குக் கீழே, சுவரில் நான்கு கம்பி பதித்து இரண்டாவது சட்டம் ஒன்று. அலமாரி மாட்டிய பிறகுதான் இதன் இடத்தைக் குறிக்க வேண்டும், முன்பே போட்டால் இரண்டும் ஒருபோதும் பொருந்தாது. கம்பிப் பசை இறுகிய பின், சட்டத்துக்கும் அடிப்பலகைக்கும் நடுவே மெல்லிய ஆப்பு இரண்டைத் தட்டிவிட்டால் சுமையில் ஒரு பங்கு அங்கே இறங்கும். கடைசியாக, முதுகின் கீழ் ஓரத்திலிருந்து சுவருக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ. இது சுமைக்கு இல்லை. தூசி தட்டுகிறேன் என்று யாராவது கீழிருந்து அலமாரியைத் தூக்கிவிட்டால் கவ்வு கழன்றுவிடாமல் இருக்க.

மண் சாந்துச் சுவர் என்று வந்தவர்களுக்கு: அலமாரிக்குக் கால் வையுங்கள். நான்கு கால், அல்லது கீழே ஒரு மேடை. எடை முழுக்கத் தரைக்குப் போகட்டும். மேலே கவிழாமல் இருக்க மட்டும் இரண்டு இடத்தில் பிடித்தால் போதும். சுவரில்தான் ஏற்றியாக வேண்டும் என்றால் இன்னொரு பழைய வழி, சுவரின் மறுபக்கம் வரை கம்பியை விட்டு அங்கே இரும்புத் தகடு வைத்து முடுக்குவது. எங்கள் சுவரின் மறுபக்கம் கூடம். சுவாமி படங்களுக்கு நடுவே நட்டு தெரிய அத்தை சம்மதிக்க மாட்டார் என்பதால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நாங்கள் இந்த வேலையைப் பங்குனியில் ஆரம்பித்துச் சித்திரையில் முடித்தோம். ஐப்பசி, கார்த்திகையில் செய்திருந்தால் காரையும் காய்ந்திருக்காது, மரமும் ஊதியிருக்கும். பாத்திரம் அடுக்குவதில் ஒரே விதி: கனமானது கீழ்த்தட்டில், முதுகை ஒட்டி. டம்ளரும் தட்டும் மேலே. முதல் வாரம் தினமும் பென்சில் கோட்டைப் பார்த்தேன், பிறகு மாதம் ஒருமுறை. கார்த்திகை அடைமழை முடிந்ததும் பார்த்தபோது கோடு நகரவில்லை. மேல் நட்டுகளில் இரண்டு மட்டும் கால் சுற்று தளர்ந்திருந்தன. மரம் ஈரத்தில் ஊதிக் காய்ந்து சுருங்கியதால் வருவது அது, இறுக்கிவிட்டேன். அன்றைக்கே மேல்தட்டில் ஆறு கிலோ உருளியும் இருந்தது. கேட்டதற்கு, “கீழ வெச்சா குனிய முடியல” என்றார் அத்தை. உருளி இப்போது அலமாரியில் இல்லை, அடுப்பு மேடையின் ஓரத்தில் இருக்கிறது.